மலைக்காற்றை நம்பி வரும் பிள்ளைகள்



"பிள்ளைக்கு வீசிங்கா? கொடைக்கானல்ல நாலு நாள் வச்சிருங்க, மலைக்காத்து பட்டா சரியாயிடும்." மதுரை, திண்டுக்கல் பக்கம் தாத்தா பாட்டிகள் தாராளமாகச் சொல்லும் வைத்தியம் இது. முழுப் பொய்யும் இல்லை. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையில் ஆஸ்துமாப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்த மருத்துவமனைகள் உண்டு. அங்கே காற்று வறண்டது. மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகள் அதில் பிழைப்பதில்லை. நம் மலை அப்படியா? ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் சுவரெல்லாம் ஈரம், மூலையெல்லாம் பூஞ்சை. இளைப்பு உள்ள பிள்ளைக்கு விடிகாலைக் குளிர்காற்று ஒன்றே போதும், மூச்சுக்குழாய் சுருங்கிவிடும்.

புகை வேறு. கேஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கு விறகுதான். குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டால், பிள்ளை அடுப்போரம்தான் ஒட்டிக்கொள்ளும். ஈரவிறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளம். மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். நகரத்து டீசல் புகையிலும் இதே சங்கதிதான்.

அந்த டீசலும் இப்போது மலையேறிவிட்டது. சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து கொடைக்கானல் மூஞ்சிக்கல் வரை வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. நெரிசலுக்கான உத்தரவு என்றுதான் பேசிக்கொண்டோம். எனக்கு அது வைத்தியமாகவும் படுகிறது.

ஏனென்றால், லண்டனில் வாகன நெரிசல் மிகுந்த சாலையருகே வசித்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்த இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். மாசின் ஆபத்தைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதனால்தான் இதை வானொலியில் சொல்கிறேன்.

இன்னொன்று. "பம்பு அடிச்சா பழகிப்போகும்" என்று இன்ஹேலர் மேல் ஒரு பயம். சால்பூட்டமால் பம்பில் ஓர் அழுத்தலுக்கு வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரை இருபது மடங்கு. மாத்திரைக்குத் தயங்காதவர்கள் பம்பைக் கண்டு மிரள்கிறார்கள்! தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பையோ, பிள்ளை நன்றாக ஓடியாடியதும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மலைக்கு வருகிறவர்கள் ஸ்வெட்டர் பையிலேயே பம்பையும் அதில் மாட்டும் ஸ்பேசரையும் வையுங்கள். வண்டி வரிசையில் நின்றால் இன்ஜினை அணையுங்கள். வில்பட்டிக்காரர்கள் வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள், குளிர் கொஞ்சம் கூடத்தான் கடிக்கும்.