கல்லும் கயிறும்



"நீ என்ன ஆகப் போகிறாய்?" என்னும் வினாவை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். கேட்டவருள் என்னைப் போன்ற ஆசிரியரே மிகுதியாக இருப்பர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வினாவைக் கேட்டுவந்த நான், இன்று அதனைக் குறித்து இருமனத்தோடு பேச வந்திருக்கிறேன். வாழ்க்கைக்குக் குறிக்கோள் வேண்டுமா எனில், வேண்டும் என்றே சொல்வேன். ஆயினும் அந்த விடையை முன்போல் உரத்த குரலில் சொல்ல என்னால் இயலவில்லை.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஆண்டுத் தொடக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் குறிக்கோளை ஒரு தாளில் எழுதுவர். அத்தாள்களைச் சுவரில் ஒட்டிவைப்போம். ஓராண்டு மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், "மருத்துவர் ஆவேன்" என்று எழுதினான். அதனை நான் உரக்கப் படித்து, வகுப்பினர் அனைவரையும் கைதட்டச் செய்தேன். தேர்வு முடிவு வந்தது, மதிப்பெண் போதவில்லை. அதன் பின்னர் என்னைத் தெருவில் கண்டால் அவன் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவான்.

பல ஆண்டுகள் கழித்து, தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் அருகே, படகு இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவனைக் கண்டேன். தொழிலில் நல்ல பெயர் எடுத்திருந்தான். பழைய பேச்சு வந்தது. "சார், அந்தத் தாளை எழுதியதால்தான் அந்த ஆண்டு அவ்வளவு படித்தேன். அதை மறுக்கமாட்டேன். மதிப்பெண் குறைந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றான்.

அன்று வீடு திரும்பும் வழியில், இளமையில் பெரியவர்கள் சொல்லக் கேட்ட முத்துக்குளிப்பு என் நினைவுக்கு வந்தது. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் 1961ஆம் ஆண்டு வரை முத்துச் சலாபம் நடைபெற்றது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். பின்னிரவில் கரைக்காற்றின் துணைகொண்டு படகுகள் புறப்பட்டு, விடியும் வேளையில் பாரை அடையும். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து நிற்பான். மூச்சை அடக்கிக் கொள்வான். கல் அவனை விரைவாக அடியில் கொண்டு சேர்க்கும். அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டு, மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்துக் கரையேற்றுவான். அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்பர். உடன்பிறந்தாளின் வாழ்வு அதில் தொங்குவதால், அவன் கை சோராதாம்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, குளிப்பவன் தேடுவது சிப்பியைத்தான், முத்தை அன்று. பெரும்பாலான சிப்பிகளில் நல்ல முத்து இராது. எச்சிப்பியில் முத்து உண்டு என்பது கடலடியில் எவர்க்கும் தெரியாது. அவன் கைக்கு உட்பட்டது வாருவது ஒன்றே. மற்றொன்று, கல் இருந்தால் மட்டும் போதாது; கயிறும் வேண்டும். அம்மாணவனுக்கு நான் கல்லைக் கொடுத்தேன், கயிற்றைப் பிடிக்கவில்லை. தேர்வு முடிவு வந்த நாளில் நான் அவன் வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை.

இக்கடற்கரையிலேயே இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே இந்தியர் கப்பல் ஓட்ட வேண்டும் என்பது வ. உ. சிதம்பரனார் கொண்ட குறிக்கோள். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் வந்தன. 1908இல் அவர் சிறைப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், சங்கம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழிலுக்குரிய உரிமையும் இல்லை.

குறிக்கோள் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இது தோல்வி என்றே எழுத நேரும். ஆனால் அவர் கை ஓய்ந்திருக்கவில்லை. சிறையில் இருந்தபோதே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். கயிறு பிடித்தவர்களும் இருந்தனர். வறுமையுற்ற நாளில் தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனப் பணம் திரட்டினர். தொழிலுரிமை மீண்டும் கிடைக்கத் துணைநின்ற நீதிபதி வாலஸ் என்பவரை மறவாது, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார்.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதனால் இறுதியில் அவர் வென்றுவிட்டார் என்று எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1936இல் மறைந்த அவர் அதனைக் காணவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் துன்பத்தை அப்பெயர் போக்கிவிடவும் இல்லை. நான் அவரிடம் கற்பது வேறு: கொண்ட குறிக்கோள் உடைந்த பின்னும் அடுத்த நாள் காலையில் கைக்கு ஒரு வேலை உண்டு என்பதே அது.

மாணவர்களே, உங்கள் குறிக்கோளை எழுதுங்கள். "இன்னது ஆவேன்" என்பதோடு நில்லாமல், "இதற்காக நாள்தோறும் இதனைச் செய்வேன்" என்றும் எழுதுங்கள். முன்னது முத்து, பின்னது சிப்பி. அத்தாளின் அடியில், மூச்சு முட்டும்போது நீங்கள் கயிற்றை அசைத்தால் இழுக்கக்கூடிய ஒருவரின் பெயரையும் எழுதிவையுங்கள். தாயாக இருக்கலாம், தோழனாக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். தாளைச் சுவரில் ஒட்ட வேண்டா, உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பெயரும் வேறு ஒருவர் தாளின் அடியில் இடம்பெறுமாறு நடந்துகொள்ளுங்கள்.

அப்பட்டறைக்கு இப்போதும் நான் போய்வருவதுண்டு. என்னைக் கண்டால் அவன் வேறு பக்கம் திரும்புவதில்லை. தேநீர் வாங்கிவரச் சொல்கிறான்.