நோன்பும் அருவருப்பும்

(தசலட்சணப் பெருவிழா நிறைவில், க்ஷமாவாணி நாள் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

மாணவர் சார்பில் நான் பேச வேண்டும் என்றும், "சமுதாய வேற்றுமைகளும் இளைய தலைமுறையும்" என்பது பொருள் என்றும் அறக்கட்டளையார் பணித்தார்கள். நாளிதழ்களில் வரும் செய்திகளைத் திரட்டி, இன்னார் இன்னாருக்கு இழைத்த தீங்குகளை அடுக்கிக் கூறலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் இன்று க்ஷமாவாணி நாள். பிறர் பிழையை எடுத்துரைப்பதற்குரிய நாளன்று, தம் பிழையை உணர்ந்து மன்னிப்பு வேண்டுவதற்குரிய நாள். ஆகவே என் பிழை ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். பெரியோர்கள் பொறுமையுடன் கேட்டருள வேண்டும்.

அதற்கு முன், நாம் பிறரால் எவ்வாறு பார்க்கப்படுகிறோம் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் தொகை 90 ஆயிரத்துக்கும் குறைவு. அதிலும் வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரை நீக்கினால் நம் தொகை இன்னும் சிறிது. ஆதலால் நம்மை அறியாதவர்களே எங்கும் மிகுதி. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், "நீ சேட்டு வீட்டுப் பெண்ணா? இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறாயே" என்று ஒரு தோழி வியந்தாள். எங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி எவருக்கும் தெரியாது என்றும், என் பாட்டனார் வந்தவாசி வட்டத்தில் நெல்லும் மணிலாவும் பயிரிட்ட உழவர் என்றும் கூறினேன். அவள் நம்பவில்லை. பள்ளியில் படித்தபோது, எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை ஆசிரியர் கூறிய அன்று, வகுப்பில் இருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. அது வரலாறா, புராணமா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அந்தப் பார்வைகள் எப்படி இருந்தன என்பதை மட்டும் நான் அறிவேன்.

இவ்வாறு தவறாகப் பார்க்கப்படும் துன்பத்தை அறிந்தவள் பிறரைத் தவறாகப் பார்க்க மாட்டாள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை விடுதியில் உடைந்தது.

என் அறைத்தோழி கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவளும் அவளே. ஊரிலிருந்து திரும்பும்போது முறுக்கு கொண்டு வந்து முதலில் எனக்குத்தான் நீட்டுவாள். "இன்று நோன்பு" என்று நான் பொய் சொல்லி விடுவேன். ஒரு நாள் அவளுக்குக் கடும் காய்ச்சல். தன் குவளை கைக்கு எட்டாததால் என் மேசையில் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நான் ஒன்றும் கூறவில்லை. அந்த டம்ளரைக் கொண்டுபோய் ஒரு முறைக்கு மூன்று முறையாகத் தேய்த்துக் கழுவினேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவள் என் மேசை மேல் இருந்த எதையும் தொடவில்லை.

சில வாரங்கள் கழித்து நான் நோயுற்றேன். வகுப்பு முடிந்ததும் அவள் உணவுக்கூடத்திற்கு ஓடி, பொழுது சாய்வதற்கு முன்பே எனக்கு இட்டிலி கொண்டு வந்து வைத்தாள். கிழங்கு சேராத கூட்டா என்று சமையற்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். பாத்திரத்தைக் காகிதத்தால் பிடித்து வைத்தாள். தன் கை பட்டால் நான் உண்ண மாட்டேன் என்று எண்ணினாள் போலும். என் நோன்பின் விதிகளை எல்லாம் அவள் ஆறு மாதத்தில் கற்றிருந்தாள். அவளைப் பற்றி நான் எதுவுமே கற்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நாணத்தை இந்த அவையில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சென்ற ஆண்டு க்ஷமாவாணி நாளில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நீ மீன் உண்ணாதது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் குடித்தது வெறும் தண்ணீர்தானே?" என்று கேட்டாள்.

பெரியோர்களே, அந்தக் கேள்வியே இந்த உரைக்குக் காரணம். நான் கழுவியது எதை? புலால் அந்த டம்ளரில் இல்லை. அவள் வாய் பட்டது என்பதையே நான் கழுவினேன். என் நோன்பு எங்கே முடிந்தது, என் அருவருப்பு எங்கே தொடங்கியது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பிறந்தது முதல் பார்த்துப் பழகிய ஒன்று என் கண்ணில் உறுத்தியது. எங்கள் வீட்டுப் புழக்கடை மாடத்தில் ஓர் அலுமினியக் குவளை இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவோர்க்கு அதில்தான் மோர் ஊற்றுவார்கள். பாட்டியிடம் காரணம் கேட்டேன். "அவங்க கவிச்சி சாப்பிடறவங்கம்மா" என்றார். "அப்பாவின் அலுவலக நண்பரும் கவிச்சி சாப்பிடுகிறவர்தாமே? அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துக் கூடத்தில் உட்கார வைத்தோமே" என்றேன். பாட்டி விடை கூறவில்லை. விடை இல்லாமலில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனமில்லை. உணவைக் காரணமாகக் கூறி நாம் காத்து வருவது பல வேளைகளில் சாதியையே என்பதுதான் அந்த விடை.

இதைக் கூறுவதால் நம் முன்னோரை இகழ்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இரவுண்ணாமையையும் வடிகட்டிய நீரையும் கொல்லாமையையும் எத்தனையோ இடர்களுக்கிடையே நமக்காகக் காத்துத் தந்தவர்கள் அவர்கள். சிறுபான்மையினர் சற்று ஒதுங்கி வாழாவிட்டால் தம் ஒழுக்கம் கரைந்து போகும் என்று அவர்கள் அஞ்சியதில் பொருள் உண்டு. வெளியூரில் படிக்கும் எங்களில் சிலர் நோன்பைக் கைவிட்டதும் உண்மை. ஆயினும் ஒழுக்கத்தைக் காக்க வேலி வேண்டும் என்பது ஒன்று. வேலிக்கு வெளியே நிற்பவரை மாசு என்று கருதுவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம் ஆகமத்திற்கு உடன்பாடன்று.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும், அதன் வழியில் தமிழில் தோன்றிய அருங்கலச் செப்பையும் நம் இல்லங்களில் ஓதுகிறோம். நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு; அவற்றுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் உத்தாயண மன்னர். அவரைச் சோதிக்க வந்த தேவன், தொழுநோயுற்ற முனிவர் வடிவில் தோன்றி, அரசர் அளித்த உணவை உண்டு, அவர் மீதும் அரசியார் மீதும் உமிழ்ந்தான். அரசர் முகம் சுளிக்கவில்லை. தாம் அளித்த உணவில்தான் குறை இருந்ததோ என்று தம்மையே நொந்துகொண்டு, தம் கைகளாலேயே முனிவரைக் கழுவித் துடைத்தார். இக்கதையைச் சிறுவயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! காய்ச்சலில் கிடந்த தோழி தண்ணீர் குடித்த டம்ளரை மூன்று முறை கழுவிய அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

அதே நூலில் கொல்லாமை அணுவிரதத்திற்கு முதல் எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுபவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். சண்டாளர் குலத்தில் பிறந்த யமபாலர். கொலைத் தண்டனையை நிறைவேற்றுவதே அவர் தொழில். சதுர்த்தசி நாளில் உயிர்க்கொலை செய்வதில்லை என்று முனிவரிடம் விரதம் ஏற்றவர், அரசன் ஆணையிட்டபோதும் தம் உயிரையே பணயம் வைத்து அதைக் காத்தார். முதலைகள் நிறைந்த நீர்நிலையில் எறியப்பட்ட அவரைத் தேவர்கள் அரியணையில் ஏற்றிப் போற்றினர் என்பது கதை. நற்காட்சி உடையவர் தாழ்ந்ததெனக் கருதப்படும் குலத்தில் பிறந்தவராயினும், சாம்பலுக்குள் ஒளிரும் கனல் போன்றவர் என்று ஆசாரியர் தெளிவாகவே கூறியிருக்கிறார். விலக்க வேண்டிய எட்டு மதங்களுள் குலச்செருக்கும் சாதிச்செருக்கும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. இரண்டாம் நாள் உத்தம மார்தவம் பற்றிக் கேட்டோமே, அந்தப் பணிவுக்கு நேர்ப்பகை இச்செருக்குகள்தாம்.

இனி, இன்று பலரும் வாதிடும் ஒரு செய்தி. சென்னையில் வாடகை வீடு தேடுவோர் "சைவ உணவினருக்கு மட்டும்" என்ற சொற்களை அடிக்கடி காண்கிறார்கள். என் அண்ணன் வீடு தேடியபோது அச்சொற்கள் எங்களுக்குக் கதவைத் திறந்தன. அதே மாதத்தில் என் அறைத்தோழியின் தமையனுக்கு அதே சொற்கள் கதவை அடைத்தன. தாம் வீட்டில் புலால் சமைக்க மாட்டோம் என்று அவர் உறுதி கூறிய பின்னரும், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு உரிமையாளர் மறுத்துவிட்டார். தம் மனையில் புலால் சமைக்கப்படுவதை ஒருவர் விரும்பாதிருக்கலாம் என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளவில்லை. நம்மில் பலருக்கும் அந்த விருப்பம் உண்டு. ஆனால் அடுப்பைப் பற்றிய கேள்வி முடிந்த பிறகும் தெருவைப் பற்றிய கேள்வி தொடருமானால், அங்கே காக்கப்படுவது அகிம்சை அன்று. அந்தச் சொற்களால் நலம் பெறுபவர்கள் நாம் என்பதால், இதைக் கேட்கும் கடமையும் நமக்கே மிகுதி. நம்மில் வீடு வாடகைக்கு விடுவோர் இருக்கிறீர்கள். தயவுகூர்ந்து இதை எண்ணிப் பாருங்கள்.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் தெருவரை வரலாம், கிணற்றடி வரை வரலாம். புழக்கடை மாடம் வரை நாம்தான் போக வேண்டும்.

பிறர் நம்மிடம் இப்படி வந்த ஒரு வரலாற்றையும் நினைவுகூர்கிறேன். சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே. சாமிநாதையர் பிறப்பாலும் வழிபாட்டாலும் சமணர் அல்லர். நூலின் பொருள் விளங்காத இடங்களில் அவர் தம் ஊகத்தை நம்பவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமண இல்லறத்தாரைத் தேடிச் சென்று, அவர்களுடன் அமர்ந்து, அவர்கள் கூறியதைக் கேட்டுக் கற்றார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. நம்மைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்யாமல், நம் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்து கேட்ட ஒருவரால் நம் காப்பியம் தமிழுலகிற்கு மீண்டும் கிடைத்தது. அநேகாந்தம் என்று நாம் பெருமையுடன் கூறுவது இதைத்தானே! எல்லாக் கொள்கையும் ஒன்றே என்று கூறி நம் விரதத்தை நெகிழ விடுவது அநேகாந்தம் ஆகாது. நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத ஒன்று அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியக்கூடும் என்று ஒப்பி, சென்று கேட்பதே அநேகாந்தம். அவர் நம்மிடம் வந்தார். நாம் யாரிடம் சென்றிருக்கிறோம்?

என் பாட்டியைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். சென்ற பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். நவரைப் பட்ட நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவருக்குப் பாட்டி எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அலுமினியக் குவளை இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது. முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எண்பது வயதில் அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். இருபது வயதில் நான் எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் கவலை.

நானும் என் தோழியும் இப்போதும் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் உணவை நான் உண்பதில்லை. பொழுது சாய்ந்த பின் நான் எதுவும் உண்பதில்லை. என் மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் இருவருக்கும் பொது. என் நோன்புக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

இன்று இந்த அவையில் ஒவ்வொருவரும் உற்றார் உறவினரிடம் மன்னிப்பு வேண்டுவோம். அவர்கள் நம்மை எளிதில் மன்னித்து விடுவார்கள். நாம் இதுவரை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே எண்ணாத ஒருவர் நம் வயலில், நம் வாயிலில், நம் அடுத்த கட்டிலில் இருக்கக்கூடும். அவரிடமும் சென்று கேட்போம் என்று என் வயதொத்தோரைப் பணிவுடன் வேண்டுகிறேன். சிறியவள் பேச்சில் எவர் மனமேனும் நொந்திருந்தால் பொறுத்தருளுங்கள். உத்தம க்ஷமா!

அறம் வளர்க! ஜினதர்மம் தழைக்க!