29,000 கன அடி என்றால் எந்தத் தெரு?



2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது, செம்பரம்பாக்கத்தில் 47. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட உபரி நீர் வினாடிக்கு 29,000 கன அடி. லிட்டர் கணக்கில் வினாடிக்கு 8 லட்சத்துக்கும் மேல். தாம்பரம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது. சென்னையின் ஜாபர்கான்பேட்டையிலும் அசோக் நகரின் தாழ்வான தெருக்களிலும் எத்தனையோ பேருக்கு வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததே தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகுதான். மின்சாரம் போய்விட்டது. செல்பேசியும் செத்துவிட்டது.

எச்சரிக்கையே விடவில்லை என்று நான் சொல்லவில்லை. கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அறிவித்தார்கள். ஆனால் அசோக் நகரில் குடியிருப்பவர் தன்னைக் கரையோரத்தவராக நினைப்பாரா? காசி தியேட்டர் தாண்டிப் பாலம் ஏறும்போதுதான் அவருக்கு ஆறே கண்ணில் படுகிறது. 29,000 கன அடி என்றால் 11வது அவென்யூவில் முழங்கால் அளவா, இடுப்பளவா, எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது.

2021 நவம்பரில் அசோக் நகர், மேற்கு மாம்பலம், தி.நகர் எல்லாம் மறுபடி தண்ணீரில் நின்றன. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. புதிய வடிகால்கள் வந்தன. பல தெருக்களில் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வடிவதும் உண்மை. ஆனால் ஆற்றின் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், எவ்வளவு அகலமான வடிகாலும் உதவாது. ஆற்று நீர் அதே வழியாகத் தெருவுக்குள் திரும்பி வரும். அதைத் தடுக்க வடிகாலின் வாயில் மதகு வேண்டும், தண்ணீரை இறைத்து வெளியேற்ற மோட்டார் வேண்டும், நள்ளிரவில் அவற்றை இயக்க ஆளும் வேண்டும். வடிகால் வேலையையாவது மழைக்கு முன் முடித்தார்களா? 2022 அக்டோபரில் அசோக் நகர்ப் பகுதியில் திறந்து கிடந்த வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார்.

இன்னொன்றை இந்த வட்டாரம் மறக்கக் கூடாது. 2005 டிசம்பர் 18, பக்கத்திலுள்ள எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரண டோக்கன் வாங்க, விடியும் முன்பே பள்ளி வாசலில் ஜனங்கள் திரண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதும் கூட்டம் உள்ளே முண்டியது. நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் தப்பியவர்கள் அவர்கள்! வரிசையை ஒழுங்குபடுத்தப் போதிய காவலர்களும், தெருவாரியாக நேரம் குறித்த டோக்கனும் இருந்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அதற்குக் கோடிக்கணக்கில் பணமா தேவை?

ஆகவே நேயர்களே, ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். செம்பரம்பாக்கத்தில் மதகு திறந்தால் எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்? நடக்க முடியாத முதியவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது? படகு எங்கே நிற்கும்? எந்தப் பள்ளியைத் திறப்பீர்கள், சாவி யாரிடம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.