கொழுப்போடு கொழுப்பு

ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகளைப் பாருங்கள். பக்கத்திலேயே இருந்தாலும் சேராது. கரண்டியால் லேசாக நெருக்கினால், சட்டென்று ஒன்றாகிவிடும்.

இன்ஃபுளூயன்சா காய்ச்சலைத் தரும் வைரஸ் இப்படித்தான் நமக்குள் நுழைகிறது. அதன் மேல் ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அது வைரஸின் சொந்தச் சரக்கு அல்ல. முன்பு தான் பெருகிய செல்லிலிருந்து போர்த்திக்கொண்டு வந்தது. நம் செல்லின் சவ்வும் கொழுப்புதான். கொழுப்போடு கொழுப்பு சேர வேண்டும். ஆனால் தானாகச் சேராது. யாராவது நெருக்க வேண்டும்.

நெருக்குவது ஒரு புரதம். வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கும். நம் செல் வைரஸை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. அமிலம் பட்டதும் முள் நீண்டு, பையின் சவ்வில் குத்துகிறது. பிறகு மடங்கி, இரண்டு படலங்களையும் இழுத்துச் சேர்க்கிறது. துளை விழுகிறது. வைரஸின் மரபுப்பொருள் உள்ளே போய்விடுகிறது.

விழுங்கியதைச் செரிக்கத்தான் செல் அமிலத்தை வைத்திருக்கிறது. அந்த அமிலமே வைரஸுக்கு வழி திறந்துவிடுவது எனக்குத் தீராத வியப்பு.

சரி, நாம் என்ன செய்யலாம்? போர்வை கொழுப்பு என்பதால், சோப்பு அதைக் குலைத்துவிடும். போர்வை குலைந்தால் வைரஸால் செல்லோடு சேர முடியாது. கொரோனா வைரஸுக்கும் இதே போர்வைதான். வெளியே போய் வந்ததும் சோப்புப் போட்டு, 20 விநாடி, விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுங்கள்.