சாயம் ஏறிய ஓர் இழை

ஆரணியில் தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். ஒரே நிறத்துப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்றை மட்டும் கண் தொடரவேண்டுமானால், அதற்கு மட்டும் வேறு சாயம் ஏற்றவேண்டும். உயிரணுவுக்குள் நடமாடும் புரதங்களைக் காண்பதும் அத்தகையதே.

ஆனால், மாணவ நண்பர்களே, சாயம் ஏற்றுவதற்காக உயிரணுவைப் பெரும்பாலும் கொன்றுவிடுவது பழைய முறை. இறந்த பின் நடமாட்டம் ஏது?

வழி கடலிலிருந்து பிறந்தது. ஜெல்லிமீன் ஒன்றில், நீல ஒளி பட்டால் பச்சையாய் ஒளிரும் புரதம் உண்டென்பதை ஒசாமு ஷிமோமுரா 1962இல் வெளியிட்டார். அதன் மரபணுவை மார்ட்டின் சால்ஃபி 1994இல் பாக்டீரியாவிலும் சிறு புழுவிலும் புகுத்தி ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் பல நிறங்களைப் படைத்தார். மூவரும் 2008இல் நோபெல் பரிசு பெற்றனர். நாம் காண விரும்பும் புரதத்தின் மரபணுவோடு இதனை இணைத்துவிட்டால், உயிரணு தானே சாயமேறிய இழையைத் தரும். நுண்ணோக்கியில் அதன் போக்கைக் காணலாம்.

வேகத்தையும் அளக்கலாம். கடும் லேசர் ஒளியால் ஓரிடத்தை வெளுக்கச் செய்வார்கள். அவ்விடம் மீண்டும் ஒளிர்ந்தால், அயலிலிருந்து புதிய புரதங்கள் வந்துவிட்டன என்பது பொருள். விரைவில் ஒளிர்ந்தால் நடமாட்டம் விரைவு. வெளுத்தே கிடந்தால் அவை எங்கோ கட்டுண்டுள்ளன.

ஒளி மிகுந்தாலோ நிறம் மங்கும், உயிரணுவும் நலியும். பட்டும் புரதமே. “புடவையை வெயிலில் காயவைக்காதே” என்பார் என் பாட்டி. நுண்ணோக்கியின்முன் அமரும்போது அவ்வார்த்தை இன்றும் என் கையைத் தடுக்கிறது.