மாமாவோட ஐ.இ.சி நம்பரும் நான் சொன்ன ஓ.டி.பி-யும்

இந்த எபிசோடை வடலூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசறேன். ஆடியோல கும்பகோணம் ரோட்டு லாரி ஹாரன் நிறைய இருந்துச்சு. எழுத்துல படிக்கறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னைக்குத் தலைப்பு, ஏற்றுமதி இறக்குமதி பண்ற கம்பெனிக்கு கம்ப்ளையன்ஸ் ஏற்பாடு எதுக்கு வேணும்? தெரியும், கேட்டதும் கொட்டாவி வருது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எங்க மாமாவுக்கு ஒரு சம்மன் வர்ற வரைக்கும்.

மாமான்னா அம்மாவோட தம்பி. பண்ருட்டிப் பக்கம் சின்னதா ஒரு முந்திரி யூனிட் வெச்சிருக்கார். கொட்டையை வேக வெச்சு, உடைச்சு, தோல் எடுத்து, பருப்பைத் தரம் பிரிச்சு விக்கற வேலை. இருபது பொம்பளைங்க வேலை பார்க்கறாங்க. எங்க மாவட்டத்துல முந்திரிக் காடு இருக்குதான். ஆனா 2011 டிசம்பர்ல அடிச்ச தானே புயல்ல எத்தனை மரம் வேரோட சாய்ஞ்சதுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க. உள்ளூர்க் கொட்டையை மட்டும் நம்பி வருஷம் முழுக்க யூனிட் ஓட்ட முடியாது. ஐவரி கோஸ்ட், பெனின் மாதிரி ஆப்பிரிக்க நாடுகள்ல இருந்து கொட்டை கப்பல்ல வருது. மாமா அதை இறக்குமதியாளர்கிட்ட வாங்கிட்டு இருந்தார்.

2021ல, நான் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பார்த்துட்டு இருந்தப்ப, மாமா வந்தார். "மாப்ள, நாமளே நேரா இறக்கினா என்ன?" அதுக்கு ஐ.இ.சி வேணும். இறக்குமதி-ஏற்றுமதி பண்றவங்களுக்கு டி.ஜி.எஃப்.டி, அதாவது வெளிநாட்டு வர்த்தக இயக்ககம், கொடுக்கற பத்து இலக்க அடையாளம். இப்போ அது உங்க பான் நம்பரேதான். ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். நான்தான் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். மாமாவுக்கு ஈமெயில் எல்லாம் ஒத்து வராதுன்னு என் மெயில், என் மொபைல் நம்பரையே போட்டேன்.

அப்புறம் மாமா இறக்குமதி பண்ணவே இல்லை. ஒரு கன்டெய்னர் கொட்டைக்கே முதல் பத்தலை. ஆனா ஐ.இ.சி-யை வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள ஆன்லைன்ல உறுதி பண்ணணும், இல்லைன்னா முடக்கிடுவாங்க. நான் பொறுப்பான மருமகன் ஆச்சே. காலண்டர்ல ரிமைண்டர் போட்டு ஒவ்வொரு வருஷமும் பண்ணிக் கொடுத்தேன். இந்த நம்பரை யாராவது பயன்படுத்தறாங்களான்னு ஒரு தடவைகூட கேட்கலை.

இதுக்கு நடுவுல மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, "உங்க நம்பர் சும்மாதானே கிடக்கு? நான் மாட்டுத் தீவனம் இறக்கறேன். கன்டெய்னருக்கு இவ்வளவுன்னு தர்றேன்"னு சொல்லியிருக்கார். மாமா லெட்டர்பேடுல நாலு கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டார். அன்னைக்கு மாமா எனக்கு போன் பண்ணார். "மாப்ள, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லு." நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். மியூட் போட்டுட்டு ஆறு இலக்கத்தையும் படிச்சுக் காட்டினேன். எதுக்குன்னு கேட்கலை.

அந்தத் தீவனக் கன்டெய்னர்ல ஒண்ணைத் துறைமுகத்துல திறந்து பார்த்திருக்காங்க. உள்ளே உடைச்ச முந்திரிப் பருப்பு.

முந்திரியைப் போய் எதுக்கு மாட்டுத் தீவனம்னு சொல்லணும்? 2019 ஜூன்ல டி.ஜி.எஃப்.டி, இறக்குமதி முந்திரிப் பருப்புக்குக் குறைந்தபட்ச விலையை ஏத்துச்சு. உடைச்ச பருப்பு கிலோ 680 ரூபாய், முழுப் பருப்பு 720 ரூபாய். அதுக்குக் கீழ விலை காட்டி உள்ளே கொண்டு வர முடியாது. கொல்லத்துலயும் பண்ருட்டியிலயும் உடைக்கற தொழில் சாகக் கூடாதுன்னு போட்ட விதி. பருப்புக்கு வேற பேர் வெச்சா இந்த விதி தொடாது. தீவனம்ங்கற பேர்ல பருப்பு உள்ளே வருதுன்னு முந்திரித் தொழில்காரங்க பல வருஷமா புகார் சொல்லிட்டு இருக்காங்க. அப்போ பாருங்க, மாமா தன் தொழிலைக் காப்பாத்தற விதியை உடைக்கறதுக்குத் தன் நம்பரையே கொடுத்திருக்கார். தெரியாமத்தான்.

சம்மன்ல மாமா பேரு இருந்துச்சு, கமிஷன் கொடுத்தவர் பேரு இல்லை.

இங்கதான் விஷயம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர், சுங்கத்துறை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து வரி போடும்னு நினைக்கறோம். நிஜத்துல பெரும்பாலான கன்டெய்னரைத் திறக்கறதே இல்லை. 2011ல இருந்து சுய மதிப்பீடுதான். என்ன பொருள், என்ன எச்.எஸ். கோடு, என்ன விலை, எந்த நாட்டுல விளைஞ்சது, எவ்வளவு வரி, எல்லாத்தையும் இறக்குமதியாளரே பில் ஆஃப் என்ட்ரியில சொல்லணும். சிஸ்டம் ரிஸ்க் பார்த்து சிலதை மட்டும் நிறுத்தும். அரசாங்கம் முதல்ல உங்களை நம்புது, பிறகு சரி பார்க்குது.

அந்தப் 'பிறகு' ரொம்ப நீளம். சாதாரணத் தப்புன்னா விட்டுப் போன வரியைக் கேட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் நோட்டீஸ் வரலாம். வேணும்னே மறைச்சதுன்னா அஞ்சு வருஷம். மறைச்ச வரிக்குச் சமமா அபராதம் வரலாம். தெரிஞ்சே பொய் விவரம் கொடுத்திருந்தா பொருள் மதிப்புல அஞ்சு மடங்கு வரைக்கும் அபராதம் விதிக்கச் சுங்கச் சட்டத்துல இடம் இருக்கு. சரக்கு வித்து, காசு செலவாகி, வேலைக்கு இருந்தவங்க வேற கம்பெனிக்குப் போன பிறகும் அந்தக் காகிதம் உயிரோட இருக்கும்.

இது வெறும் வரி விவகாரம் இல்லைங்கறதுக்கு சென்னை மணலியைச் சொல்றேன். நெய்வேலிப் பக்கத்து ஆளுங்களுக்கு வெடி புதுசு இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கற கெட்டியான மண்ணை, பாறையை வெடி வெச்சுத் தளர்த்தித்தான் அந்த ராட்சச சக்கர மெஷினை இறக்குவாங்க. இப்படி சுரங்கத்துல வைக்கற வெடிமருந்துகள்ல முக்கியமான சரக்கு அம்மோனியம் நைட்ரேட். 2012 விதிகள்படி அதை இறக்க, வெச்சிருக்க, விக்க எல்லாத்துக்கும் தனித்தனியா உரிமம் வேணும்.

2015ல தென் கொரியாவுல இருந்து சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் சென்னைக்கு வந்துச்சு. கரூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இறக்கினது. விதிமீறல்னு சுங்கத்துறை பறிமுதல் பண்ணி, மணலியில ஒரு கன்டெய்னர் கிடங்குல வெச்சாங்க. வழக்கு நடந்துச்சு, பெட்டி அங்கேயே இருந்துச்சு. 2020 ஆகஸ்ட் 4ல பெய்ரூட் துறைமுகம் வெடிச்சது. அங்கே இருந்தது சுமார் 2,750 டன், அதுவும் இப்படித்தான் வருஷக்கணக்கா கிடங்குல கிடந்த சரக்கு. 200 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம ஊர்ல, "மணலியில 37 கன்டெய்னர்ல சுமார் 697 டன் இருக்கே"ன்னு எல்லாரும் பதறினோம். ஏலம் விட்டு, அந்த மாசமே ஹைதராபாத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. வடசென்னை மக்கள் அஞ்சு வருஷம் அது பக்கத்துல தூங்கி எழுந்திருக்காங்க. ஒரு இறக்குமதியில வர்ற பிரச்சனை அந்தக் கம்பெனியோட கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே நின்னுடாது.

சரி, நாம சாஃப்ட்வேர் ஆளுங்க, நமக்கென்ன? இருக்கு. ஸ்கோமெட்னு ஒரு பட்டியல் இருக்கு. ராணுவத்துக்கும் பயன்படும், சாதாரண தொழிலுக்கும் பயன்படும்னு சொல்ற பொருட்கள், அதோட தொழில்நுட்பம், மென்பொருள் எல்லாம் அதுல வரும். சிலவகை என்க்ரிப்ஷன், சென்சார், ட்ரோன் சம்பந்தப்பட்டதுகூட வரும். அந்தப் பட்டியல்ல இருக்கற டிசைனை வெளிநாட்டுக்கு ஈமெயில்ல அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். கப்பல் வேண்டாம், ஒரு 'சென்ட்' பட்டன் போதும். எல்லா ஆப்பும் இதுல வராது, பயப்படாதீங்க. ஆனா வருமா வராதான்னு பார்க்கற ஆள் உங்க டீம்ல யாரு? நான் வேலை பார்த்த எந்த டீம்லயும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அதான் எங்க கம்பெனில பாலிசி பி.டி.எஃப் இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பேர், ஸெட்.டி.இ. சீனாவோட பெரிய டெலிகாம் கம்பெனி. அமெரிக்கப் பாகங்கள் இருக்கற கருவிகளைத் தடையை மீறி ஈரானுக்கு அனுப்பினதுக்கு, 2017ல சுமார் 119 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. சம்பந்தப்பட்ட ஊழியர்கள் மேல நடவடிக்கை எடுத்தோம்னும் சொன்னாங்க. எடுக்கலை, முழு போனஸ் கொடுத்திருந்தாங்க. 2018 ஏப்ரல்ல அமெரிக்கா பாகங்களையே நிறுத்துச்சு. அடுத்த மாசமே முக்கிய வேலைகளை நிறுத்திட்டோம்னு அந்தக் கம்பெனி அறிவிச்சது. மறுபடியும் 100 கோடி டாலர் கட்டி, கம்பெனிக்குள்ள அமெரிக்கா சொல்ற கம்ப்ளையன்ஸ் குழுவை உட்கார வெச்சுத்தான் மீண்டு வந்தாங்க. காகிதத்துல மட்டும் இருக்கற கம்ப்ளையன்ஸ் அந்த அளவு பெரிய கம்பெனியையே காப்பாத்தலை.

அப்போ நிஜமான ஏற்பாடு எப்படி இருக்கும்? மாமா கேஸுக்காக வக்கீல், கஸ்டம்ஸ் புரோக்கர்னு பல பேர்கிட்ட பேசினதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்.

முதல்ல, பொறுப்புக்கு ஒரு பேர் வேணும். சரக்கை நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் அவருக்கு இருக்கணும். சேல்ஸ் ஆளு கத்தினாலும் நிக்கணும். ரெண்டாவது, எச்.எஸ். கோடை யார், எதை வெச்சு முடிவு பண்ணாங்கன்னு எழுதி வைக்கணும். போன தடவை போட்டதையே காப்பி-பேஸ்ட் பண்ணக் கூடாது. மூணாவது, எதிர்ல இருக்கற ஆளு நிஜமா யாரு, சரக்கு கடைசியா யார் கைக்குப் போகுதுன்னு பார்க்கணும். நாலாவது, காகிதம் அஞ்சு வருஷமாவது பத்திரமா இருக்கணும். வர்த்தக ஒப்பந்தப்படி வரிச்சலுகை கேட்டா, 2020ல வந்த விதிப்படி ஆரிஜின் சான்றிதழை மட்டும் நீட்டினா போதாது. சரக்கு அந்த நாட்டுலதான் உருவாச்சுங்கற விவரத்தை நீங்களும் வெச்சிருக்கணும். அஞ்சாவது, வருஷத்துக்கு ஒரு தடவை நாமே நம்ம பழைய பில்களைத் திறந்து பார்த்து, தப்பு இருந்தா நாமே போய்ச் சொல்லிடணும். அவங்க கண்டுபிடிக்கறதுக்கும் நாமே சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

இதெல்லாம் செலவுதானேன்னு கேட்கலாம். ஒழுங்கா நடத்தற கம்பெனிக்குச் சுங்கத்துறை ஏ.இ.ஓ-ன்னு ஒரு அங்கீகாரம் கொடுக்குது. சோதனை குறையும், சரக்கு சீக்கிரம் வெளியே வரும், மேல் நிலைகள்ல வரியைத் தள்ளிக் கட்டற வசதியும் உண்டு. கன்டெய்னர் ஒரு நாள் நின்னா என்ன வாடகை ஏறும்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

என் மாமா மாதிரி இருபது பேர் யூனிட்டுக்குத் தனியா ஆபீசர் போட முடியாது. அங்கே கம்ப்ளையன்ஸ்ங்கறது ஒரே ஒரு கேள்விதான், "இது எதுக்கு?" மருமகன் மருமகனா இல்லாம ஒரு நிமிஷம் கறாரா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா போதும். சாஃப்ட்வேர்ல ஒரு வரி மாத்தறதுக்கே ரெண்டு பேர் ரிவ்யூ கேட்கற ஆளு நான். ஓ.டி.பி-க்குக் கேட்கலை.

மாமா கேஸ் இன்னும் முடியலை. அதனால விவரம் அதிகம் சொல்ல முடியாது. வக்கீல் செலவுக்கு ரெண்டு ஏக்கர் முந்திரிக் காடு போச்சு, தானே புயலுக்கு அப்புறம் அவரே நட்டு வளர்த்த மரங்கள். யூனிட் ஓடுது, இருபது பேர்ல பன்னிரண்டு பேர் இருக்காங்க. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணும்.

போன வாரம் அவருக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ண ஓ.டி.பி கேட்டேன். போனைக் கையில வெச்சுக்கிட்டு, "எதுக்கு மாப்ள?"ன்னு கேட்டார். சிலிண்டருக்கு மாமான்னு சொன்ன பிறகுதான் படிச்சுக் காட்டினார்.

உங்க வீட்லயும் அப்பா பேர்ல, சித்தப்பா பேர்ல ஒரு ஐ.இ.சி சும்மா கிடக்கலாம். இன்னைக்கே பாருங்க. எந்த மெயில், எந்த மொபைல் இருக்கு, அதுல ஏதாவது பில் ஓடியிருக்கான்னு கேளுங்க. தேவை இல்லைன்னா சரண்டர் பண்ணிடலாம், அதுவும் ஆன்லைன்லயே முடியும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.