நோய் தீர்ந்த பின் நம் கடமை

(காட்டூரில் கூடிய நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்பகப் புற்றுநோயின் பெயரைச் சொல்லவும் நம் பெண்மக்கள் கூசியிருந்த காலம் உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிற்று. காலத்தே சிகிச்சை பெற்று மீண்ட தாய்மார் இன்று பலர். ஆயினும், கட்டி அகன்றதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது பிழையாகும். அதனைக் குறித்தே இன்று பேச விரும்புகின்றோம்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. கணையத்திற் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் புகவிடுகின்றது. நம் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீர் உட்புக இயலாது வெளியே நிற்குமன்றோ? அங்ஙனமே, தசையும் ஈரலும் இன்சுலினுக்கு இணங்காவிடில் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்க முற்படும். அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். இதனையே இன்சுலின் எதிர்ப்பு என்பர். வெளிக்கு யாதொரு குறியுமின்றி இந்நிலை பல்லாண்டு நீடித்தலும் உண்டு.

புற்றுநோயினின்று மீண்டவர்க்கு இவ்வாபத்து மிகுதி. கீமோதெரபியுடன் தரும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை உயர்த்தும். சிலருக்கு மாதவிடாய் முன்னதாகவே நின்றுவிடும். சோர்வினால் நடமாட்டம் குறைந்து இடுப்பு பெருக்கும். இதன் பயனாக நீரிழிவும் இருதய நோயும் நெருங்குகின்றன. மாதவிடாய் நின்ற பின்னர் உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குமாதலின், மிகுந்த கொழுப்பு புற்றுநோய்க்கும் துணையாகலாம்.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? நேற்றுவரை மீன்கூடை சுமந்து சந்தைக்கு நடந்தவளை, “பிழைத்து வந்தாயே, எழாதே” என்று பாயில் அமர்த்திச் சோற்றையும் இனிப்பையும் குவிக்கின்றோம். அன்பினாற் செய்வதே; ஆயினும் அதுவே அவளுக்குத் தீங்காகின்றது.

ஒரு மாத்திரையால் இது தீருமோ எனின், கானடா முதலிய நாடுகளில் 3,649 நோயாளிகளைக் கொண்டு மெட்பார்மின் மருந்தை ஆராய்ந்து 2022-இல் முடிவு வெளியிட்டனர். நீரிழிவு இல்லாதவர்க்கு அம்மருந்து புற்றுநோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. நீரிழிவுள்ளோர் மட்டும் மருத்துவர் சொற்படி அதனை உட்கொள்க. புற்றுநோய்க்குத் தந்த மாத்திரையையும் தாமே நிறுத்தலாகாது.

செய்யத்தக்கவை எளியனவே. நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடத்தல் வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கைக்குப் பயிற்சியையும் சுமையையும் மருத்துவரைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டுக. சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் குழம்பு மீனையும் கூட்டுக; பொரித்தலையும் கருவாட்டையும் அளவோடு கொள்க. ஆண்டுதோறும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டின் எச்சரிக்கை கொள்க. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டிற்கு வருங்கால் நோயை மறைத்தல் வேண்டா.

ஆடவர்களுக்கு ஒரு சொல். அவள் நடக்கும் அந்த அரைமணி நேரம் அடுப்பையும் குழந்தையையும் நாமே பார்த்துக்கொள்வோமாக. மரணத்தின் வாயிலினின்று மீண்டவளை நம் அசட்டையால் மற்றொரு நோய்க்கு ஒப்புக்கொடுத்தல் நமக்கு அழகன்று.